துணி காயப்போட ஒரு கயிறு

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகு, ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்குப் போக முடியாது. மாற்றியாக வேண்டும். தரிசனம் முடிந்து அறைக்குத் திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஈரப் புடவையோ வேட்டியோ மூட்டையாகச் சுருண்டிருக்கும். அதை எங்கே காயப்போடுவது?

அத்தையோடு போயிருந்தபோது நாங்கள் தங்கிய விடுதி அறையில் ஏசி இருந்தது. சுவரில் பெரிய டிவி, மேஜையில் கெட்டில், குளியலறையில் சின்னச் சின்ன ஷாம்பு, சோப்பு. ஒரு கயிறு இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. கதவுக்குப் பின்னால் அறிவிப்பு மட்டும் ஒட்டியிருந்தது: அறைக்குள் துணி உலர்த்தக் கூடாது. அத்தை நாற்காலி முதுகில் விரித்துப் போட்ட புடவை, கடற்கரை ஈரக்காற்றில் மறுநாள் காலையிலும் சொதசொதவென்றே இருந்தது. பிளாஸ்டிக் பையில் அடைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். பிரித்தபோது அடித்த முடைநாற்றம் இன்னும் நினைவிருக்கிறது.

அந்த அறிவிப்பைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் துணி உலர்த்துகிறார்கள் என்று தெரிந்ததால்தானே அதை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்? மெத்தை நனைகிறது, சுவர் ஊறுகிறது என்ற அவர்கள் கவலையும் நியாயமே. ஆனால் தேவை கண்ணெதிரே தெரிந்த இடத்தில் விடுதி செய்தது தடை போட்டது மட்டும். மொட்டை மாடியில் நான்கு கொடி கட்டினால் போதும். கெட்டில் விலைகூட ஆகாது.

கெட்டிலைக் குறை சொல்லவில்லை. விடிகாலையில் அத்தை மாத்திரை போட வெந்நீர் வைத்தது அதில்தான். கெட்டில் வாங்கத் தோன்றியவர்களுக்குக் கயிறு கட்ட ஏன் தோன்றவில்லை என்பதே என் கேள்வி. எனக்குத் தெரிந்த விடை இது: கெட்டில் பட்டியலில் இருக்கிறது, கயிறு இல்லை. அறை தேடும் செயலிகளைத் திறந்தால் ஏசி, டிவி, வைஃபை, வாகன நிறுத்தம் என்று கட்டங்கள் வருகின்றன. டிக் விழாத விடுதி கண்ணில் படாமலே போய்விடும். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குவதும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுதான். அதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 10 அறைகள் வேண்டும். கிடைத்த தகுதி 5 ஆண்டு செல்லும். விரும்பிய விடுதிதான் விண்ணப்பிக்கும், கட்டாயம் கிடையாது. கோயில் ஊர் லாட்ஜுகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே போவதில்லை. ஆனாலும் நட்சத்திர விடுதி எப்படி இருக்கும் என்ற படம் எல்லா முதலாளிகள் மனதிலும் பதிந்திருக்கிறது. பணம் சேர்ந்ததும் முதலில் வாங்குவது அந்தப் படத்தில் இருக்கும் பொருட்களைத்தான்.

பட்டியலால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. தெரியாத ஊரில் இரவு பதினொரு மணிக்குத் தனியாக வந்து இறங்கும் பெண்ணுக்கு, அறையோடு சேர்ந்த குளியலறை, உள்ளே சரியாக விழும் தாழ்ப்பாள், வெளுத்த பெட்ஷீட் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். நடைக்கோடியில் இருக்கும் பொதுக் குளியலறைக்கு வாளியும் துண்டுமாக வரிசையில் நின்ற தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்தப் பட்டியலின் வேரைத் தேடிப் போனால் அமெரிக்காவின் பஃபலோ நகரம் வருகிறது. 1908இல் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் அங்கே திறந்த ஹோட்டலில் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை இருந்தது. ஒன்றரை டாலருக்கு அறையும் குளியலறையும் என்பதே அவருடைய விளம்பரம். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு ஒட்டிவைத்து, குழாய்களை ஒரே குழிவழியாக மேலே ஏற்றியதால்தான் அந்த விலை கட்டுப்படியானது. இருட்டில் தடவ வேண்டியிராமல் கதவை ஒட்டியே விளக்கு ஸ்விட்சை வைத்தார். வேலைநிமித்தம் ஊர் ஊராகச் சுற்றும் சாதாரண மனிதர் களைத்து வந்து கதவைத் திறக்கும் அந்த நிமிடத்தை அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். அவர் செய்த பொருட்களை உலகம் முழுக்க நகலெடுத்தார்கள். அவர் யோசித்த முறையை யாரும் நகலெடுக்கவில்லை.

பொருள் வந்தும் யோசனை வராதது திருவண்ணாமலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றி வந்தவருக்கு, நள்ளிரவில் அரை வாளி வெந்நீர் கிடைத்து அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார முடிந்தால் அதைவிட வேறு வசதி வேண்டாம். ஆனால் பல லாட்ஜுகளில் வெந்நீர் காலையில் சில மணி நேரம் மட்டும்தான். வெந்நீர் உண்டு என்று பட்டியல் சொல்வது பொய்யில்லை. எப்போது உண்டு என்று கேட்க அதில் இடமில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாட்டைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கீசர் 2 கிலோவாட் என்றால் 30 அறைகளில் ஒரே நேரத்தில் போட்டால் 60 கிலோவாட். சிறிய கட்டடத்தின் மின் இணைப்பு அதைத் தாங்காது. ஆனால் அதே ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தால் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் மாலையில்தான் முழுச் சூட்டில் இருக்கும். கிரிவலம் போய்வருகிறவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். இரவில் திறந்துவிட்டால் காலையில் குளிப்பவருக்குச் சூடு குறைந்துவிடும் என்பது உண்மை. பௌர்ணமி இரவில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும்.

வருகிறவருக்கு எது முதலில் வேண்டும் என்ற முடிவைச் சரியாக எடுத்த ஊர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அது சுற்றுலா ஊரே இல்லை. வேலூர். 1900இல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்க, மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பரிசோதனை, முடிவு, மறுபடி டாக்டர் என்று நாட்கள் வாரங்களாக நீளும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் லாட்ஜ் பலகைகள் தொங்குகின்றன. பல அறைகளில் சமைக்க இடம் உண்டு. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று வேளையும் வெளியே வாங்கினால் கட்டுப்படியாகாது, நோயாளிக்கு உப்பில்லாமல், காரமில்லாமல் சமைத்தாக வேண்டும், நாக்குக்குப் பழகிய சோறும் மீன் குழம்பும் வேண்டும். இதையெல்லாம் எந்தச் சரிபார்ப்புப் பட்டியலும் சொல்லித் தரவில்லை. மாடிப்படியில் அடுப்பு வைத்துச் சமைக்க இடம் கேட்டவர்களைப் பார்த்து லாட்ஜுக்காரர்களே கற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தடை அறிவிப்பு ஒட்டாமல் மேடை கட்டிக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் விருந்தோம்பல்.

அங்கேயும் எனக்கு ஒரு பயம் உண்டு. ஒற்றை ஜன்னல் உள்ள சின்ன அறையில் கட்டில், நோயாளி, பக்கத்திலேயே கேஸ் அடுப்பு. தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை, நல்ல காற்றோட்டம், தீயணைப்புக் கருவி என்று வைத்தால் அறை வாடகை சற்றுக் கூடினாலும் அது தேவையான செலவு. நட்சத்திரம் தரும் அமைச்சகமோ செயலி நடத்தும் நிறுவனமோ உருப்படியாகத் தலையிட வேண்டிய இடம் இதுதான்.

ராமேஸ்வரத்தில் கிளம்பும் நாளன்று அத்தை ரிசப்ஷனில், "தம்பி, மொட்டை மாடிச் சாவி இருக்கா? இந்தப் புடவைய ஒரு மணி நேரம் வெயில்ல போட்டு எடுத்துக்கறேன்" என்று கேட்டார். அந்தத் தம்பி தர முடியாது என்று சொல்லவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். சாவியைத் தேடினார், கிடைக்கவில்லை. மேலே தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் மட்டும்தான் இருக்கும்மா என்றார். வெளியே ராமேஸ்வரத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.