ஒரு சொல், இரு பொருள்

புனித அகுஸ்தினார் 389-ஆம் ஆண்டளவில், தம் மகனோடு உரையாடும் வடிவில் ‘ஆசிரியர்’ என்னும் நூலை இயற்றினார். சொற்கள் வெறும் அடையாளங்களே. பொருளை அறியாதவனுக்கு அவை அறிவூட்டா. உண்மையில் கற்பிப்பவர் உள்ளத்தே உறையும் கிறிஸ்துவே என்பது அந்நூலின் முடிவு.

இதனைச் சிவகாசி வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம். ஆசிரியர் ‘மருந்து’ என்கிறார். நோய் தீர்ப்பதைக் கருதுகிறார். பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளையோ, பெற்றோர் காகிதக் குழாயில் அடைக்கும் வெடிமருந்தை நினைக்கிறது. ‘புரிந்ததா?’ என்றால் ‘புரிந்தது’ என்று வகுப்பே முழங்குகிறது. இருவரும் வெவ்வேறு பொருளில் நிற்பதை எவரும் அறியார்.

விட்கென்ஸ்டைனின் ‘மெய்யியல் ஆய்வுகள்’ (1953), அகுஸ்தினாரின் தன்வரலாற்றுப் பகுதி ஒன்றோடுதான் தொடங்குகிறது. பொருளைச் சுட்டிக்காட்டியே சொல் கற்கப்படுகிறது என்னும் அக்கருத்து குறையுடையது என்றும், பெரும்பாலும் சொல்லின் பொருள் அதன் வழக்கிலேயே உள்ளது என்றும் அவர் காட்டினார். நம் பகுதிக்குத் தேவையான திருத்தம் இதுவே. அப்பிள்ளையின் ‘மருந்து’ பிழையன்று. அதன் வீட்டு வாழ்வு.

ஆயினும் மெய்யியல் மட்டும் நல்லாசிரியரை ஆக்கிவிடாது. ஆஸ்திரியச் சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றிய விட்கென்ஸ்டைனே, மாணவன் ஒருவனை அடித்த நிகழ்ச்சியை அடுத்து 1926-இல் அப்பணியைத் துறந்தார். அறிவோடு பொறுமையும் வேண்டும். ஆகவே ‘புரிந்ததா?’ என்பதற்கு முன், ‘உங்கள் வீட்டில் இச்சொல்லை எதற்கு வழங்குகிறீர்கள்?’ என்று கேட்கப் பழகுவோம்.