கரமன்லி நூல்களும் இலக்கிய வரலாற்றாரும்

ஒரு நூல் எம்மொழிக்கு உரியது என்பதை அது எழுதப்பெற்ற மொழி கொண்டே துணிதல் வேண்டும். வெளிப்படையான இவ்வுண்மையை இலக்கிய வரலாற்றார் எப்போதும் போற்றினாரல்லர். கரமன்லியரின் நூல்கள் இதற்குத் தக்க சான்று.

கரமன்லியர் என்பார் நடு அனதோலியாவில், சிறப்பாகக் கப்படோக்கியாவில், வாழ்ந்த ஆர்த்தடாக்சுக் கிறித்தவர். துருக்கி மொழி பேசிய அவர்கள் அதனைக் கிரேக்க எழுத்தால் எழுதினர். அரபுத் தமிழை அறிந்த நமக்கு இது வியப்பன்று. அவர்களைத் தம் மொழி இழந்த கிரேக்கர் என்றது கிரேக்கத் தேசியம். கிறித்தவம் தழுவிய துருக்கர் என்றனர் துருக்கித் தேசியத்தாருள் ஒரு சாரார். 1923 சனவரி 30-இல் லோசானில் கையெழுத்தான மக்கட் பரிமாற்ற உடன்படிக்கை இவ்வழக்கினை ஆராயவில்லை. சமயம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டது. துருக்கி பேசிய கரமன்லியர் கிரேக்க நாட்டுக்கும், கிரேக்கம் பேசிய கிரீட்டுத் தீவின் முசுலிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பெற்றனர். இதனைத் ‘தாயகம் திரும்புதல்’ என எழுதுவாரும் உளர். கண்டிராத நாட்டுக்குத் திரும்புவது எங்ஙனம்?

மக்களுக்கு நேர்ந்ததே நூல்களுக்கும் நேர்ந்தது. எவாங்கெலினோஸ் மிசைலிடிஸ் என்பார் 1871–72-இல் இசுத்தான்புல்லில் ‘தெமாஷா-இ துன்யா’ என்னும் பெருங்கதையைக் கரமன்லித் துருக்கியில் வெளியிட்டார். பலையோலோகஸ் 1839-இல் கிரேக்கத்தில் எழுதிய நாவலைத் தழுவி விரித்தது அது. ஆயினும் துருக்கி நாவலின் தொடக்கம் 1872-இல் வெளிவரத் தொடங்கிய ஷெம்செத்தின் சாமியின் கதையே என்பது பாடநூல் வழக்காயிற்று.

மிசைலிடிசை விலக்கியதற்குக் காரணம் யாது? எழுத்து எனின், சாமி எழுதிய அரபு எழுத்தையும் துருக்கி 1928-இல் கைவிட்டது. அவர் நூலோ கைவிடப்படவில்லை. குலம் எனின், சாமி அல்பேனியர். தழுவல் என்பது ‘முதல்’ என்னும் பெருமையை மறுக்கலாம். வரலாற்றில் இடம் பெறுவதையே மறுக்க அது போதாது. எஞ்சுவது சமயமே. லோசானின் அளவுகோலை இலக்கிய வரலாற்றாரும், அறிந்தோ அறியாமலோ, கையாண்டனர் என்பதே நம் கருத்து. கிரேக்க இலக்கிய வரலாறோ, துருக்கி மொழியில் அமைந்தமையால் இந்நூல்களைத் தனதாகக் கொள்ளவில்லை. நூலை அளக்கும்போது மொழி. ஆளை அளக்கும்போது சமயம்!

அறிஞருலகம் முற்றும் வாளா இருந்ததென்று கூறோம். சலவீல், தல்லெஜ்ஜோ ஆகிய இருவர் தொகுத்த கரமன்லி நூற்பட்டியலின் முதற்பகுதி 1958-இல் வந்தது. மிசைலிடிசின் கதையை அன்ஹெக்கரும் குன்யோலும் 1986-இல் இலத்தீன் எழுத்தில் பதிப்பித்தனர். அதன் பின்னர் ‘முதல் துருக்கி நாவல்’ என்னும் பட்டத்தை இந்நூலுக்குச் சூட்ட விரைந்தாரும் உளர். அதனையும் நாம் உடன்படுதற்கில்லை. ஆர்மீனியரான வர்தான் பாஷாவின் ‘அகாபி கதை’, ஆர்மீனிய எழுத்தில் அமைந்த துருக்கி நாவல், 1851-இலேயே அச்சேறிவிட்டது.