நுங்குப் பால்

சித்திரை வெயிலில் தூத்துக்குடி காய்கிறபோது, வீட்டிலேயே செய்துகொள்ள நுங்குப் பாலை மிஞ்சிய குளிர்பானம் இல்லை. தேரிக்காட்டுப் பனைகள் தரும் இளநுங்காகப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலால் நெம்பினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முற்றியது ரப்பர்போல் இறுகிவிடும். துவர்க்கும் மேல்தோலை உரித்து, பாதியை மிக்ஸியில் ஒரே சுற்று அடித்து, மீதியைப் பொடியாக நறுக்குங்கள். அப்போதுதான் குடிப்பதும் கடிப்பதும் ஒருசேர வாய்க்கும்.

இனிப்புக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி. சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் பால் திரிந்துவிடும். காய்ச்சிக் குளிரவைத்த கெட்டிப்பால், ஒரு சிட்டிகை ஏலப்பொடி, அவ்வளவுதான். எசென்ஸ் வேண்டாம், நுங்கின் மென்மணமே போதும். கலந்தவுடனே பருகுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.