எம்1: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

மக்கள் கையிலுள்ள நோட்டும் நாணயமும், வங்கியில் கேட்டவுடன் எடுக்கத்தக்க வைப்பும், ரிசர்வ் வங்கியிடமுள்ள இதர வைப்புகளும் சேர்ந்ததுதான் எம்1. உடனே செலவாகத் தயாராக இருக்கும் பணம் இது. ஆகவே இது பெருகினால் வியாபாரம் பெருகும், சுருங்கினால் மந்தம் வரும் என்பது இதை நம்புவோரின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

காயல்பட்டினம் கடைத்தெருவில் ஒரு வியாபாரியின் நடப்புக் கணக்கில் 50,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்து வீட்டு அலமாரியில் பூட்டினாலும் எம்1 மாறாது. நகைக்கடையில் கொடுத்தால் பணம் கடைக்காரர் கணக்கில் ஏறும், அப்போதும் மாறாது. நிலை வைப்பாக (எஃப்.டி.) போட்டால் மட்டும் எம்1 அந்த அளவுக்குக் குறையும். நிலை வைப்புகளையும் சேர்த்து எண்ணும் எம்3 அப்படியே இருக்கும். அலமாரியில் தூங்கும் பணமும் நாலு கை மாறிய பணமும் இந்தக் கணக்கில் ஒன்றே. முதல் கோளாறு இது.

வட்டி ஹராம் என்பதால் எஃப்.டி. பக்கமே போகாதவர்கள் இந்த ஊரில் நிறைய. வேறு ஊரில் வைப்பாகியிருக்கும் சேமிப்பு இங்கே ரொக்கமாகவோ நடப்புக் கணக்கிலோ நிற்கும். அதைச் செலவுக்கான பணம் என்று எண்ணினால் தவறு. வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளிகள் உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்பும் பணத்திலும் எம்1 ஏமாற்றும்: உள்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் ரூபாய்தான் கைமாறி வீட்டுக்கு வருகிறது. குடும்பத்தின் வாங்கும் சக்தி கூடும், எம்1 கூடாது.

இந்தக் கரையின் பழைய வரலாறும் இதையே காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி குதிரை வாங்குவதிலேயே போனதாகச் சொல்கிறார். முத்துக்கு வந்த பொன் குதிரைக்குப் போனது. ஏதோ ஒரு நாளில் ஊரில் இருந்த பொன்னை மட்டும் எண்ணியிருந்தால், அந்தத் துறையின் வணிகம் எவ்வளவு என்று யாரும் கண்டிருக்க முடியாது.

ஆனாலும் எம்1-ஐத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை. காரணம் 2016 நவம்பர் 8. அன்று செல்லாமல்போன 500, 1,000 ரூபாய் நோட்டுகள் புழக்கத்தில் இருந்த பணத்தில் ஏறத்தாழ 86 சதவீதம். சில வாரங்களில் மக்கள் கையிலிருந்த ரொக்கம் பாதியாகச் சரிந்தது. ஒரு பகுதி வங்கிக் கணக்குகளுக்குள் போனது. அப்படியும் எம்1 கடுமையாகச் சுருங்கியது. அந்த 2016-17ஆம் ஆண்டுக்கு, 2019 ஜனவரியில் திருத்தி வெளியிட்ட கணக்கில், நாட்டின் வளர்ச்சி 8.2 சதவீதம்! மீன் ஏலத்திலும் உப்பளக் கூலியிலும் ரொக்கத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பட்ட பாட்டை அந்த எண்ணில் தேடினால் கிடைக்காது. முறைசாராத் தொழில்களின் வளர்ச்சியைப் பெரிய நிறுவனங்களின் கணக்கை வைத்து ஊகித்தால் அப்படித்தான் ஆகும். அந்த ஒரு நேரத்தில் எம்1 சொன்னதுதான் தெருவுக்கு நெருக்கமாக இருந்தது என்பேன்.

நான்கே ஆண்டில் அதே அளவுகோல் தலைகீழாகப் பேசியது. 2020-21இல் புழக்கத்திலுள்ள நோட்டுகளின் மதிப்பு 16.8 சதவீதம் ஏறியது, பொருளாதாரமோ சுருங்கியது. கொரோனா அச்சத்தில் மக்கள் கையில் பணம் வைத்துக்கொண்டார்கள், செலவழிக்கவில்லை. வரையறை மாறினாலே எண் மாறிவிடும்: அமெரிக்காவில் 2020 மே மாதக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குகளையும் எம்1-க்குள் சேர்த்தார்கள். யார் பையிலும் ஒரு டாலர் கூடாமலே எண் மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது.

ரிசர்வ் வங்கியின் அனுபவமும் இதற்கு ஒத்தே போகிறது. பண அளவை இலக்காக வைக்கலாம் என்ற சக்கரவர்த்தி குழுகூட 1985இல் எம்1-ஐ விட்டு எம்3-ஐத்தான் எடுத்தது. 1998இல் அந்த முறையும் கைவிடப்பட்டுப் பல குறியீடுகளைச் சேர்த்துப் பார்க்கும் வழி வந்தது. 2016 முதல் சட்டப்படியான இலக்கு 4 சதவீதப் பணவீக்கம்.

என் முடிவு இது. நாட்டின் வளத்தையோ வளர்ச்சியையோ அளக்க எம்1 உதவாது. அதை மட்டும் காட்டி ‘பொருளாதாரம் நிமிர்ந்தது’ என்று எழுதுபவரை நம்ப வேண்டாம். ஆனால் எம்1 திடீரென்று முறிந்து விழுந்தால், வளர்ச்சிக் கணக்கு வரும்வரை காத்திருக்காமல் ரொக்கத்தில் பிழைக்கும் மக்களிடம் போய் விசாரிக்க வேண்டும்.