ஐமேக்கில் ஆப்பிள் சொல்லாமல் வைத்த ஸ்லாட்

பழைய கணினி சேர்ப்பவர்கள் முதல் நீலநிற ஐமேக்கைப் பற்றித் தவறாமல் சொல்லும் பெருமை ஒன்று உண்டு: ஆப்பிள் விளம்பரப்படுத்தாத, கூடுதல் கார்டு மாட்டும் ஒரு ஸ்லாட் அதற்குள் இருக்கிறது. மெஸ்ஸனைன் ஸ்லாட் என்பார்கள். 1998 ஆகஸ்டில் வந்த முதல் பதிப்பிலும் அக்டோபர் பதிப்பிலும் அது இருந்தது. 1999 ஜனவரியில் ஐந்து நிறங்களில் வந்த 266 மெகாஹெர்ட்ஸ் பதிப்பில் காணோம். எடுத்தது வாங்குபவருக்குச் செய்த துரோகம் என்பது ரசிகர்களின் வாதம்.

அந்த வாதத்துக்குக் கோலாலம்பூரில் கூடுதல் பலம் உண்டு. 1998 செப்டம்பர் 2 அன்று மலேசிய அரசு ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிர்ணயித்தது. 1997 நடுப்பகுதிவரை அது இரண்டரை வெள்ளியாக இருந்தது. அமெரிக்காவில் 1,299 டாலர் விலை போட்ட ஐமேக், கடைக்காரர் லாபம் சேராமலே 4,900 வெள்ளியைத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதைப் பல வருடம் உழைக்க வைக்கத்தான் பார்ப்பார். ஆனால் ஃப்ளாப்பி இல்லை; வெளிக் கருவிகளை மாட்டும் ஸ்கஸி, ஃபயர்வயர் இணைப்புகளும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒருவர் தன் ஸ்கஸி ஸ்கேனரை எங்கே மாட்டுவார்?

அந்த ஸ்லாட்டில் மாட்டலாம் என்பது ஏட்டளவில் சரி. உள்ளே ஓடுவது மற்ற கணினிகளின் கார்டுகளுக்கும் வழக்கமான பிசிஐதான். ஃபோர்மாக் என்ற நிறுவனம் ஒரு ஸ்கஸி கார்டு கொண்டுவந்தது. மைக்ரோ கன்வெர்ஷன்ஸ், வூடூ2 கிராஃபிக்ஸ் சிப் வைத்த ‘கேம் விசார்ட்’ கார்டைச் செய்தது. சிக்கல் இணைப்பானில். இம்பி பிளாசாவில் வாங்கிய சாதாரண பிசிஐ கார்டு அதில் ஏறாது. இந்த இரண்டு பதிப்புகளுக்கென்றே செய்த கார்டு வேண்டும். ஐந்து மாதத்துக்குள் ஆப்பிளே மூடிவிட்டதால்தானே சந்தை வளரவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் செய்தவனே ஒப்புக்கொள்ளாத ஸ்லாட்டை நம்பி எந்தக் கம்பெனி பணம் போடும்?

மறைத்து வைத்ததுதான் குற்றமா என்றால், அதுவும் இல்லை. 1984 மேகிண்டோஷில் ஸ்லாட்டே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக நின்றார். அதன் போர்டை வடிவமைத்த பர்ரல் ஸ்மித் ‘சோதனை போர்ட்’ (port) என்ற பெயரில் ஒன்றை நுழைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். ஆனால் 128 கே நினைவகத்தை 512 கே ஆக்கும் வசதியை போர்டிலேயே வைத்துவிட்டார். அது பயன்பட்டது. வேலையில் பெரும்பகுதி பதினாறு நினைவக சிப்புகளை மாற்றிப் பற்றவைப்பதுதான். அந்த சிப்புகள் ஆப்பிளிடம் மட்டும் கிடைப்பவை அல்ல.

ஐமேக்கிலும் இதற்கு இணையான ஒன்று இருந்தது, ரசிகர்கள் அதைப் பேசுவதில்லை. அதன் ரேம், மடிக்கணினியில் போடும் அதே எஸ்ஓ-டிம் வகை. லோ யாட் பிளாசா கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், கழற்றி மாட்டும் பொறுமை மட்டும் வேண்டும். ப்ராசஸரும் தனி கார்டில் இருந்ததால், சோனெட் நிறுவனத்தின் ‘ஹார்மோனி’ கார்டு பிற்பாடு வேகத்தோடு ஃபயர்வயரையும் சேர்த்துக் கொடுத்தது. மெஸ்ஸனைன் இல்லாத 1999 முற்பகுதிப் பதிப்புகளிலும் அது ஏறியது.

ஆகவே துரோகம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஸ்லாட்டை எடுத்ததால் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கடைக்காரர் இழந்தது அநேகமாக ஒன்றுமில்லை. ஃபயர்வயர் இல்லாமலே அந்த விலைக்கு விற்றதைத்தான் கேட்டிருக்க வேண்டும். 1999 அக்டோபரில் வந்த ஐமேக் டிவி (DV) பதிப்பில் ஆப்பிள் அதையும் சேர்த்துவிட்டது.