வணிகத்திற்குப் பின் வன்முறையா? பாண்டா தீவுகளும் சோழமண்டலத் துணியும்: ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஐரோப்பியர் முதலில் வணிகராக வந்து பின்னர் ஆள்வோராயினர் என்னும் இருகட்ட விளக்கம் தமிழில் எழுதப்படும் காலனிய வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. 1621இல் பாண்டா தீவுகளில் நிகழ்ந்த அழிவை முன்வைத்து அவ்விளக்கத்தின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வணிகத்தில் சோழமண்டலக் கடற்கரை பெற்றிருந்த இடத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பாண்டா தீவுகள், சாதிக்காய், முற்றுரிமை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பழவேற்காடு.

முன்னுரை

‘வணிகம் செய்ய வந்தவர்கள் நாட்டைப் பிடித்தனர்’ என்னும் கருத்து பாடநூல் முதல் ஆய்வேடு வரை பரவலாகக் காணப்படுகிறது. இதன்படி வணிகம் என்பது இருதரப்பும் பயன்பெறும் இயல்பான செயல். ஆதிக்கம் அதிலிருந்து பிறழ்ந்த பிற்கால நிலை. 1757க்குப் பின் வங்காளத்தில் ஆங்கிலக் கம்பெனி அடைந்த மாற்றத்தை விளக்க இவ்வாய்பாடு ஓரளவு உதவலாம். அதனையே பொது விதியாகக் கொள்ளும்போது வணிக முறைக்குள்ளேயே செயல்பட்ட வன்முறை பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. பாண்டாவின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

பாண்டாச் சமூகம்

இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் அமைந்த சிறு தீவுக்கூட்டம் பாண்டா. பதினேழாம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு உரிய சாதிக்காயும் சாதிபத்திரியும் இங்கிருந்தே சென்றன. இங்கு அரசர் இல்லை. ‘ஓராங் காயா’ எனப்பட்ட, செல்வமும் செல்வாக்கும் உடைய ஊர்ப்பெரியோர் கூடி முடிவெடுத்தனர். பாண்டா மக்கள் மலாக்கா வரை தம் கலங்களில் சென்று வணிகம் செய்தனர். அரிசி, சேகோப்பனை மாவு, துணி ஆகியவற்றை ஜாவானியர், மலாயர் முதலியோரிடமிருந்து பெற்றனர். 1512இல் வந்த போர்த்துகீசியராலும் இத்தீவுகளின் வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவர இயலவில்லை. எனவே, வெளியுலகம் அறியாத தீவினர் ஐரோப்பியரிடம் ஏமாந்தனர் என்னும் சித்திரம் இவர்களுக்குப் பொருந்தாது.

ஒப்பந்தம் என்னும் கருவி

1602இல் தோன்றிய டச்சுக் கம்பெனி அதே ஆண்டில் ஓராங் காயாக்கள் சிலருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. சாதிக்காயைத் தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பது அதன் சாரம். பெரியோர் அனைவரும் அதில் கையொப்பமிடவில்லை. ஆயினும் கம்பெனி அதனைத் தீவுகள் முழுமையையும் கட்டுப்படுத்தும் சட்டமாகக் கொண்டது. உணவுக்கும் துணிக்கும் வெளியாரைச் சார்ந்த மக்கள் ஒரே வாங்குநரிடம் கட்டுண்டு வாழ்தல் அரிது. அவர்கள் ஜாவானியருக்கும் ஆங்கிலேயருக்கும் தொடர்ந்து விற்றனர். இதனையே கம்பெனி ‘ஒப்பந்த மீறல்’ என்றது.

1609இல் ஹியூகோ குரோஷியஸின் ‘மாரே லிபெரும்’ வெளிவந்தது. கடல் எவர்க்கும் தனியுரிமை அன்று எனப் போர்த்துகீசியருக்கு எதிராக வாதிட்ட நூல் அது. அதே ஆண்டில் அதே கம்பெனியின் படை நெய்ரா தீவில் கோட்டை எழுப்பத் தொடங்கியது. அதனை எதிர்த்த பாண்டா மக்கள் தளபதி வெர்ஹூவெனைக் கொன்றனர். போட்டியாளனிடம் கடலுரிமை கோரிய வாதம், விற்பவனின் உரிமை என்று வரும்போது கைவிடப்பட்டது.

போரின்றி வணிகமும் வணிகமின்றிப் போரும் நடத்த இயலாது என்னும் கருத்தினை யான் பீட்டர்சூன் கூன் 1614இல் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். 1621இல் தலைமை ஆளுநராகப் பெரும்படையுடன் வந்து லொந்தோரைக் கைப்பற்றியவரும் அவரே. ஓராங் காயாக்கள் 44 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 15,000 என மதிப்பிடப்படும் மக்கள்தொகையில் ஆயிரம் பேர் அளவினரே தீவுகளில் எஞ்சினர். ஏனையோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், தப்பியோடினர், அல்லது பத்தேவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிலம் ‘பெர்க்’ எனப்பட்ட தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பல நாடுகளிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் இயங்கியது. இங்கு வணிகக் கட்டம், ஆட்சிக் கட்டம் என இரண்டைப் பிரித்துக் காட்ட இயலாது. முற்றுரிமைக் கோரிக்கையிலேயே படையெடுப்பு அடங்கியிருந்தது.

சோழமண்டலத்தின் இடம்

நறுமணப் பொருள்களுக்கு ஈடாகத் தீவினர் விரும்பியது வெள்ளியைவிடத் துணியையே. அத்துணி பெரிதும் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்றது. கம்பெனி 1608இல் தேவனாம்பட்டினத்திலும் 1610இல் பழவேற்காட்டிலும் இடம்பெற்று, 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை அமைத்ததன் காரணம் இதுவே. சோழமண்டலம் மலுக்குத் தீவுகளின் இடக்கை என்று 1612இல் ஹென்ரிக் பிரவுவர் குறிப்பிட்டார். 1620களின் தொடக்கத்தில் இதே துறைகளிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர்.

தபன் ராய்சவுத்ரியின் ‘ஜான் கம்பெனி இன் கோரமண்டல்’ (1962) இத்துணி வணிகத்தின் அமைப்பை விரிவாக ஆராய்கிறது; அதன் களம் இக்கரை. அமிதவ் கோஷின் ‘தி நட்மெக்ஸ் கர்ஸ்’ (2021) பாண்டாவின் அழிவிலிருந்து தொடங்கி, நிலத்தை உயிரற்ற வளமாகக் காணும் காலனியப் பார்வையை விசாரிக்கிறது. அதன் களம் அக்கரையும் அதற்கப்பால் உலகமும். இவ்விரு களங்களையும் ஒன்றாக வைத்துப் படிப்பது தமிழ் ஆய்வுக்குரிய பணி. பழவேற்காட்டை ஊர் வரலாறாகவும் கல்லறைக் கல்வெட்டுகளின் இடமாகவும் மட்டும் காணும் எழுத்து, அங்கிருந்து ஏற்றப்பட்ட துணி எதற்கு ஈடாயிற்று என்று கேட்பதில்லை.

வேறுபாட்டின் காரணம்

பாண்டா ஒரு விதிவிலக்கு என்று மறுப்போர் உண்டு. அதே கம்பெனி சோழமண்டலத்தில் நாயக்கர்களிடமும் விஜயநகர அரசரிடமும் இசைவு பெற்றே வணிகம் செய்தது என்பது உண்மை. இவ்வேறுபாடு கம்பெனியின் இயல்பில் அன்று, அது எதிர்கொண்ட சூழலில் உள்ளது. இங்கு நெசவாளர் பல ஊர்களில் பரவியிருந்தனர். வாங்குவோர் பலர் இருந்தனர். உள்நாட்டில் படைபலம் உடைய அரசுகள் இருந்தன. பாண்டாவிலோ விளைபொருள் ஒன்று, நிலம் சிறிது, உணவு கடல்வழி வருவது. முற்றுகை ஒன்றே அதனை முடக்கப் போதுமானது. ஆகவே இக்கரையில் காணப்பட்ட அமைதியைக் கம்பெனியின் வணிக நேர்மைக்குச் சான்றாகக் கொள்வது பிழை.

இதனால் நெசவாளரைக் குற்றத்தில் பங்காளிகளாக்குவது நோக்கமன்று. முன்பணம் பெற்று நெய்தவர்க்குத் தம் துணி சென்றடையும் கரையின் அரசியல் மீது எவ்வித அதிகாரமும் இல்லை. ஆனால் கடல்கடந்த வணிகத்தைத் தமிழர் பெருமையாக மட்டும் எழுதும் இன்றைய ஆய்வாளர்க்கு அவ்விலக்கு இல்லை.

முடிவுரை

‘வணிகம்’, ‘ஒப்பந்தம்’, ‘உடன்பாடு’ ஆகிய சொற்களைக் கம்பெனி ஆவணங்களிலிருந்து அப்படியே எடுத்தாளும்போது அவற்றின் தீர்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். எவர் கையொப்பமிட்டனர், எவர் இடவில்லை, மறுத்தோர்க்கு என்ன நேர்ந்தது என்னும் மூன்று வினாக்களை ஒவ்வோர் உடன்பாட்டிடமும் கேட்டல் வேண்டும். தப்பியோடிய பாண்டா மக்களின் வழிவந்தோர் கெய் தீவுகளின் பாண்டா எலி, பாண்டா எலாட் ஆகிய ஊர்களில் இன்றும் தம் மொழியைப் பேசுகின்றனர். பாண்டாவில் அம்மொழி வழக்கொழிந்தது. சாதிக்காயின் விலைப்பட்டியலோடு இதனையும் சேர்த்து எழுதினாலன்றித் தொடக்ககாலக் கடல்வணிக வரலாறு முழுமை பெறாது.