'வீடு': இசையும் பொருத்தமும்

பின்னணி இசை பற்றி ரசிகர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது, 'காட்சியை உள்வாங்கிச் செய்த இசை' என்ற பாராட்டு தவறாமல் வந்துவிடுகிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பற்றியும் இப்படிச் சொல்கிறார்கள். பாடல்களே இல்லாத அந்தப் படத்தில் ஒலிப்பது, இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசை. சொக்கலிங்க பாகவதரின் முகமோ, பாதியில் நின்றுபோன சுவரோ அந்த இசைக்குத் தெரியாது. அதை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தவர் இயக்குநர். நாம் உணரும் பொருத்தம் அந்தத் தீர்மானத்தில் பிறந்தது என்று எனக்குப் படுகிறது. இதனால் இளையராஜாவுக்குக் குறைவொன்றுமில்லை. அவர் இசை தனியாகவே நிற்கக்கூடியது. ஆனால் இசையின் தரம் வேறு, படத்தில் அதன் வேலை வேறு. இரண்டையும் பிரித்துக் கேட்காதவரை நம்மிடம் பாராட்டு இருக்கும், விமர்சனம் இராது.